நாலு சதவீத ஓட்டு வித்தியாசத்துக்கு சீட் எப்படி ரெண்டு மடங்கு ஆச்சு?

நீங்க கேட்டது இதான்: 2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல்ல திமுக 37.7 சதவீதம், அதிமுக 33.3 சதவீதம், வித்தியாசம் நாலு நாலரை தான், ஆனா சீட் மட்டும் 133, 66னு ரெண்டு மடங்கா நிக்குதே, எங்கயோ தப்பு நடந்திருக்கா, தொகுதி வாரியா வந்த லிஸ்ட்ட எப்படி படிக்கறது. கூடவே உங்க ஊர் தென்காசி, அங்க 370 ஓட்டுல முடிவாச்சு, தபால் ஓட்டுல ஏதோ பண்ணிட்டாங்கனு வீட்ல இன்னும் பேசிக்கறாங்கன்னும் எழுதியிருந்தீங்க. இதுல ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. எண்ணினது சரியாங்கறது ஒன்னு. சரியாவே எண்ணினாலும் ஓட்டு சீட்டா மாறும்போது ஏன் இப்படி ஊதிப் போகுதுங்கறது இன்னொன்னு. உங்கள உறுத்தறது ரெண்டாவதுன்னு தான் எனக்கு படுது, அதனால அத முதல்ல எடுத்துக்கறேன், தென்காசிக்கு கடைசில வரேன்.

என்னப்பத்தி சொல்லிடறேன், இல்லேனா இவன் எந்த கட்சிக்காரன்னு தேடிட்டு இருப்பீங்க. நான் கணக்கு வாத்தியார், ரிட்டயர் ஆயாச்சு. சர்வீஸ்ல இருந்த வரைக்கும் தேர்தல்னு வந்தா எங்களுக்கு டூட்டி வந்துரும், பூத்துல பி.ஓ.வா, அதாவது அந்த பூத்துக்கு தலைமை அதிகாரியா உக்காந்திருக்கேன், ஓட்டு எண்ற டேபிள்ல சூப்பர்வைசராவும் இருந்திருக்கேன். அந்த பழக்கத்துல தொகுதி லிஸ்ட்ட எடுத்து வச்சு கூட்டிக் கழிச்சு பாக்கறது ஒரு பைத்தியமாவே ஆயிடுச்சு. நம்பர் என்ன சொல்லுதுன்னு என்னால சொல்ல முடியும். ஜனங்க மனசுல என்ன இருந்துச்சுங்கறது வேற விஷயம், அது எந்த படிவத்துலயும் இல்ல.

முதல்ல அந்த 37.7, 33.3 ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கறதே தப்பு. அது மாநிலம் முழுக்க விழுந்த ஓட்டுல அந்த சின்னத்துக்கு விழுந்தது எவ்வளவுங்கற கணக்கு. ஆனா 2021-ல எந்த பெரிய சின்னமும் 234 தொகுதிலயும் நிக்கல. ரெட்டை இலை நின்னது 191 தொகுதில, மீதி 43-ல பாமகவுக்கு 23, பாஜகவுக்கு 20னு விட்டுக்கொடுத்தாச்சு. உதயசூரியன் நின்னது 188-ல, மிச்சம் காங்கிரஸ் 25, ரெண்டு கம்யூனிஸ்ட்டுக்கும் ஆறு ஆறு, விசிகவுக்கு ஆறு, முஸ்லிம் லீக்குக்கு மூணு. 2016-ல ஜெயலலிதா 234-லயும் ரெட்டை இலையவே நிறுத்தினாங்க, அதுல 40.8 சதவீதம் வந்துச்சு. அதனால 'அம்மா இருந்தப்ப 40, அஞ்சு வருஷத்துல 33-க்கு சரிஞ்சுட்டாங்க'ன்னு சொல்றவங்க இந்த 43 தொகுதிய மறந்துட்டு பேசறாங்க. எல்லா தொகுதியும் ஏறக்குறைய ஒரே அளவுன்னு வச்சு தோராயமா ஒரு கணக்கு போட்டா, நின்ன இடத்துல மட்டும் அதிமுகவுக்கு 40, 41 சதவீதம் வரும், திமுகவுக்கு 47 கிட்ட வரும். தோராயம் தான், ஏன்னா எல்லா தொகுதியும் ஒரே அளவு கிடையாது. சோழிங்கநல்லூர்ல 2021-ல 6.9 லட்சத்துக்கு மேல வோட்டர், துறைமுகத்துல 1.8 லட்சம் கூட இல்ல, ரெண்டுக்கும் ஒரு எம்.எல்.ஏ. தான். 2001 ஜனத்தொகைய வச்சு கோடு போட்டு 2008-ல வந்த எல்லை அது, ஊர் அதுக்கப்புறம் எங்கயோ வளந்து போச்சு.

அந்த 133-லயும் ஒரு நெளிவு இருக்கு. அதுல 125 பேர் தான் அசல் திமுக, மீதி எட்டு பேர் மதிமுக, மமக, கொமதேக, வேல்முருகனோட தவாகன்னு கூட்டணிக்காரங்க உதயசூரியன்ல நின்னு ஜெயிச்சவங்க. லிஸ்ட்ல எல்லாம் ஒரே கட்சியா தான் தெரியும்.

அதனால கூட்டணியா சேத்து பாருங்க. திமுக அணிக்கு சுமார் 45.4 சதவீதம், 159 சீட். அதிமுக அணிக்கு சுமார் 39.7, 75 சீட். வித்தியாசம் 5.7 சதவீதம். இங்க தான் நான் கணக்கு வாத்தியாரா ஒரு கேள்வி கேப்பேன். ஒரு தொகுதிக்கு சராசரியா 1.9 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்திருக்கு. அதுல 5.7 சதவீதம்னா கிட்டத்தட்ட 11 ஆயிரம் ஓட்டு. அந்த 11 ஆயிரம் முன்னிலை ஊருக்கு ஊர் மாறாம எல்லா தொகுதிலயும் ஒரே மாதிரி பரவியிருந்தா என்ன ஆயிருக்கும்? 234-0. ஒரு சீட் கூட அதிமுக அணிக்கு வந்திருக்காது. அப்போ 'ஏன் இவ்வளவு கம்மி'ங்கறத விட '75 எப்படி தப்பிச்சது'ங்கறது தான் நியாயமான கேள்வி.

நான் கதை விடல, அந்த மாதிரி நடந்தே இருக்கு. 1991-ல திமுக 22 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்கி ரெண்டே ரெண்டு சீட், கலைஞரே துறைமுகத்துல 890 ஓட்டுல தான் தப்பிச்சார். அடுத்த தேர்தல், 1996-ல அப்படியே திரும்புச்சு, அதிமுகவுக்கு 21 சதவீதத்துக்கு மேல ஓட்டு, நாலு சீட், பர்கூர்ல ஜெயலலிதாவே தோத்தாங்க. அதுக்கு முன்னாடி 1989-ல அதிமுக ஜெ அணி ஜானகி அணின்னு உடைஞ்சு, காங்கிரஸும் தனியா நின்னப்ப, திமுக 33 சதவீதத்த வச்சே 150 பக்கம் போச்சு. யாரும் யாரையும் ஏமாத்தல, ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்கி முதல்ல வந்தாலும் மொத்த தொகுதியும் அவனுக்குங்கற முறை இப்படித்தான் நடந்துக்கும்.

தேமுதிகவ எடுத்துக்கங்க, இத விட நல்ல உதாரணம் எனக்கு கிடைக்கல. 2006-ல தனியா நின்னு 8.4 சதவீதம், ஜெயிச்சது விருத்தாசலம் ஒன்னு தான், அதுவும் விஜயகாந்த் நின்னதால. 2011-ல அதிமுக கூட்டணில 41 தொகுதில மட்டும் நின்னு 7.9 சதவீதம், சதவீதம் குறைஞ்சிருக்கு பாருங்க, சீட் 29, எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியே வந்துருச்சு. 2016-ல மக்கள் நலக் கூட்டணியோட போய் 2.4, பூஜ்யம், உளுந்தூர்பேட்டைல அவருக்கே டெபாசிட் போச்சு. டெபாசிட்னா செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கணும், இல்லேனா கட்டின பத்தாயிரம் திரும்ப வராது. நாம் தமிழர் 2021-ல 234-லயும் நின்னு 6.6 சதவீதம் வாங்கி ஒரு சீட் இல்ல, அதே தேர்தல்ல விசிக ஒரு சதவீதம் கூட தொடாம நாலு சீட். ஓட்டு எத்தனைங்கறத விட எங்க குவிஞ்சிருக்கு, பக்கத்துல யார் கை கொடுத்தாங்கங்கறது தான் சீட்ட தீர்மானிக்குது.

இப்ப அந்த 75 எங்கிருந்து வந்துச்சுன்னு பாப்போம். தொகுதி லிஸ்ட்ட நம்பர் வரிசைல படிக்காதீங்க, மாவட்டமா கூட்டி படிங்க. கோயம்புத்தூர் பத்துக்கு பத்து, சேலம் பதினொன்னுல பத்து (சேலம் வடக்கு மட்டும் திமுக), தருமபுரி அஞ்சுக்கு அஞ்சு, ஈரோடு எட்டுல அஞ்சு, திருப்பூர் எட்டுல அஞ்சு. அஞ்சு மாவட்டம், 42 தொகுதி, அதுல 35. தமிழ்நாட்டோட மீதி 192 தொகுதில அதே அணிக்கு வெறும் 40. சென்னை 16, திருவள்ளூர் 10, காஞ்சிபுரம் 4, திருச்சி 9, இந்த நாலு மாவட்டத்துல ஒன்னு கூட இல்ல. ஒரே தேர்தல் தான், ஆனா மேற்கால ஒன்னும் மத்த பக்கம் இன்னொன்னுமா ரெண்டு தேர்தல் நடந்த மாதிரி இருக்கு. கொங்குன்னாலே அதிமுகன்னு சொல்லி முடிச்சுடாதீங்க, பக்கத்துலயே இருக்கற கரூர்ல நாலும் திமுக அணி, அரவக்குறிச்சில அண்ணாமலையே தோத்தார்.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் கூட்டினா வர்ற விஷயம், யார் கூட்டினாலும் இதே தான் வரும். ஏன்னு கேட்டா தான் கால் வழுக்குது. எடப்பாடி பழனிசாமி முதலமைச்சரா இருந்தார், சொந்த மாவட்டம் சேலம், எடப்பாடில 93,802 ஓட்டு வித்தியாசம், அதனால சேலம் புரியுது. கோவைக்கு அந்த காரணம் முழுசா பத்தாது. வன்னியர் 10.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டம் தேர்தல் தேதி அறிவிச்ச அன்னைக்கு, 2021 பிப்ரவரி 26-ல சட்டசபைல நிறைவேறுச்சு, அதனால தான் தருமபுரி, சேலம்னு பலமா சொல்றாங்க. சரி, பாமக ஜெயிச்ச அஞ்சுல நாலு அங்க தான், பென்னாகரம், தருமபுரி, மேட்டூர், சேலம் மேற்கு. ஆனா அதே ஒதுக்கீடு வட மாவட்டத்துலயும் வேலை செஞ்சிருக்கணும்ல, அங்க பாமகவுக்கு மயிலம் ஒன்னு தான் கிடைச்சுது, நெய்வேலில 977, விருத்தாசலத்துல 862 ஓட்டுல கைய விட்டு போச்சு. அந்த சட்டத்தால தெற்குல மத்த ஜாதி ஓட்டு போச்சுன்னு ஒரு வாதமும் ஓடுது. இருக்கலாம். ஆனா ஓட்டுச்சாவடி படிவத்துல ஜாதி காலம் கிடையாது, யார் போட்டாங்கன்னு மெஷினுக்கு தெரியாது. இத அடிச்சு சொல்றவங்க ஊகத்த தான் உண்மை மாதிரி சொல்றாங்க.

ஓட்டு பிரிஞ்சுதுங்கற வாதமும் அந்த ரகம் தான். கோவை தெற்க எடுங்க. பாஜகவோட வானதி சீனிவாசன் 53,209, தனிக் கட்சியா நின்ன கமல்ஹாசன் 51,481, காங்கிரஸோட மயூரா ஜெயக்குமார் 42,383. வித்தியாசம் 1,728. 'கமல் நிக்கலேனா காங்கிரஸ் அடிச்சு தூக்கியிருக்கும்'னு ஒருத்தர், 'காங்கிரஸ் நிக்கலேனா கமல் எம்.எல்.ஏ.'ன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் மூணாவது ஆளோட ஓட்ட மூட்டையா கட்டி தனக்கு வேணுங்கற பக்கம் தூக்கி வைக்கறாங்க. ஓட்டு அப்படி மூட்டையா நகராது. கமல் இல்லேனா அதுல கொஞ்சம் பேர் காங்கிரஸுக்கு போயிருப்பாங்க, கொஞ்சம் பேர் வானதிக்கு, கொஞ்சம் பேர் வீட்லயே இருந்திருப்பாங்க. எத்தனை எத்தனைன்னு சொல்ல தரவே இல்ல. மாவட்டம் முழுக்க பத்துக்கு பத்து ஒரு பக்கம் போயிருக்கறப்ப, இந்த ஒரு தொகுதி மட்டும் தனியா திரும்பியிருக்கும்னு எனக்கு தோணல, ஆனா இது என் அபிப்ராயம், கணக்கு இல்ல. தினகரனோட அமமுக விஷயமும் இதே கதை, பல தொகுதில அவங்க ஓட்டு வித்தியாசத்த விட அதிகம்னு காட்டறாங்க, நம்பர் சரி, முடிவு சந்தேகம். கோவில்பட்டில பாருங்க, அதிமுகவோட கடம்பூர் ராஜு 68,556, தினகரன் 56,153, திமுக அணி சார்பா நின்ன மார்க்சிஸ்ட் 37,380. அங்க யார் யார் ஓட்ட பிரிச்சாங்கன்னு சொல்வீங்க?

சின்ன வித்தியாசத்துக்கு வருவோம், உங்க தென்காசி மட்டும் தனியா இல்ல. தி.நகர் 137, திமுக ஜெயிச்சது. மொடக்குறிச்சி 281, பாஜக ஜெயிச்சது, தோத்தவங்க சுப்புலட்சுமி ஜெகதீசன், 1996-ல 1,033 பேர் நின்ன அதே மொடக்குறிச்சில அன்னைக்கு ஜெயிச்சவங்க. மேட்டூர் 656 பாமக, காட்பாடி 746 துரைமுருகன், கிருஷ்ணகிரி 794 அதிமுக. ரெண்டு பக்கமும் இருக்கு பாத்தீங்களா, ஒருத்தர் ஏமாத்தறதா இருந்தா மொடக்குறிச்சியும் மேட்டூரும் ஏன் கை நழுவணும். அதே நேரம் ஆத்தூர்ல, திண்டுக்கல் மாவட்ட ஆத்தூர சொல்றேன், ஐ.பெரியசாமி 1,35,571 ஓட்டு வித்தியாசம். அந்த 1.35 லட்சமும் ஒரு சீட் தான், தி.நகர் 137-ம் ஒரு சீட் தான்.

எண்ற இடத்துல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா பாதி சந்தேகம் போயிரும். ஓட்டுப்பதிவு முடிஞ்சதும் பூத்துல பி.ஓ. மொத்தம் எத்தனை ஓட்டுன்னு 17சி படிவத்துல எழுதி கையெழுத்து போட்டு அங்க இருக்கற எல்லா கட்சி ஏஜென்ட்டுக்கும் காப்பி கொடுக்கணும். எண்ற அன்னைக்கு காலைல எட்டு மணிக்கு தபால் ஓட்டு ஆரம்பிக்கும், அரை மணி கழிச்சு மெஷின். ஒரு ரவுண்டுக்கு பொதுவா 14 டேபிள், டேபிளுக்கு ஒரு கன்ட்ரோல் யூனிட் (ஓட்டெல்லாம் பதிவாகியிருக்கற பெட்டி), அதுல இருக்கற மொத்தமும் 17சி-ல இருக்கற மொத்தமும் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு தான் ரிசல்ட் பட்டன அமுக்குவோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஏஜென்ட் நோட்டு பேனாவோட நின்னுட்டு, எங்கள விட வேகமா கூட்டி வச்சிருப்பார். கடைசில லாட்ல எடுத்த அஞ்சு பூத்தோட விவிபேட் சீட்டையும் (ஓட்டு யாருக்கு விழுந்துச்சுன்னு மெஷின் அச்சடிக்கற காகிதம்) எண்ணி ஒத்துப் பாக்கணும், 2019-ல இருந்து இது கட்டாயம். ரவுண்டு பூத் நம்பர் வரிசைல தான் போகும், பூத் நம்பர் ஊர் வரிசைல இருக்கும். அதனால முதல் நாலு ரவுண்டு தொகுதியோட ஒரு மூலை மட்டும் தான் பேசும். நான் டூட்டி பாத்த ஒரு வருஷம் மூணாவது ரவுண்டுலயே வெளிய பட்டாசு வெடிச்சாங்க, டவுன் பூத் திறந்ததும் அந்த சத்தம் எதிர் பக்கத்துல இருந்து வந்துச்சு. காட்பாடில துரைமுருகன் பல ரவுண்டு பின்னாடி இருந்து தான் மேல வந்தார், அத டிவில பாத்துட்டு 'மாத்திட்டாங்க'ன்னு சொன்னவங்க நிறைய பேர். மாத்தல, அந்த ஊர் பெட்டி அப்ப தான் வந்துச்சு.

தபால் ஓட்டு மட்டும் உண்மையிலயே சிக்கலான இடம், இத நான் மறைக்க மாட்டேன். அதுல மெஷின் இல்ல, மனுஷன் பாத்து செல்லும் செல்லாதுன்னு சொல்றான். உள்ள ஓட்டு சரியா இருந்தாலும் கூட வர்ற உறுதிமொழில கையெழுத்து இல்லேனா, சான்றொப்பம் சரியில்லேனா, அந்த கவர பிரிக்கவே மாட்டாங்க. 2016 ராதாபுரம் ஞாபகம் இருக்கா, அதிமுகவோட இன்பதுரை 49 ஓட்டுல ஜெயிச்சார், தோத்தவர் அப்பாவு. 203 தபால் ஓட்ட தள்ளிட்டாங்க, காரணம் பள்ளி தலைமை ஆசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லாதுங்கறது. வாத்தியாருங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க, தலைமை ஆசிரியர் பச்சை இங்க்ல போட்டது கையெழுத்து இல்லையாம். ஐகோர்ட் 2019-ல அந்த தபால் ஓட்டையும் கடைசி மூணு ரவுண்டையும் மறுபடி எண்ண சொல்லுச்சு, அக்டோபர்ல எண்ணவும் எண்ணினாங்க, ஆனா முடிவ வெளியிடக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் தடை போட்டுருச்சு, அந்த சட்டசபையோட அஞ்சு வருஷமும் முடிஞ்சே போச்சு. 2021-ல அப்பாவு அதே தொகுதில ஜெயிச்சு சபாநாயகர் ஆனார். அதே 2016-ல காட்டுமன்னார்கோவில்ல திருமாவளவன் தோத்தது 87 ஓட்டுல. ஆக குறைஞ்ச வித்தியாசத்துல தபால் ஓட்ட சந்தேகப்படறது தப்பே இல்ல, அது சட்டப்படி கோர்ட்டுக்கு போக வேண்டிய சந்தேகம்.

உங்க தென்காசில அது தான் நடந்துச்சு. காங்கிரஸோட பழனி நாடார் 370 ஓட்டுல ஜெயிச்சத எதிர்த்து தோத்த அதிமுக வேட்பாளர் செல்வமோகன்தாஸ் பாண்டியன் ஐகோர்ட் போனார், தபால் ஓட்ட மறுபடி எண்ண உத்தரவாச்சு, 2023 ஜூலைல எண்ணினாங்க, ஜெயிச்சவர் மாறல. வீட்ல பேசறவங்க கிட்ட இத சொல்லுங்க. அப்பவும் நம்பலேனா தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்துல தென்காசி தொகுதிக்கு படிவம் 20-ன்னு தேடி எடுங்க, ஒவ்வொரு பூத்துலயும் யாருக்கு எத்தனைன்னு வரிசையா இருக்கும், கடைசி வரில தபால் ஓட்டு தனியா இருக்கும். முதல்ல உங்க சொந்த பூத்த கண்டுபிடிச்சு பாருங்க. ஒரு விஷயம், 2016 படிவத்தோட பூத் நம்பர ஒப்பிடாதீங்க, 2021-ல கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கு ஆயிரம் வோட்டர்னு குறைச்சு மாநிலம் முழுக்க பூத் எண்ணிக்கை 88 ஆயிரத்த தாண்டிச்சு, நிறைய பூத் ரெண்டா உடைஞ்சு நம்பரெல்லாம் தள்ளிப் போயிருக்கும். நம்பர விட்டுட்டு பள்ளிக்கூடத்து பேர வச்சு தேடுங்க.